சுண்டெலி நிம்மதியாக இருக்கிறதா? ஆய்வக விலங்குகளின் நலத்தை அளப்பது எப்படி

சாயங்காலம் விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு சுண்டெலியின் கூண்டுக்குள் அழுத்திய பஞ்சுச் சதுரம் ஒன்றைப் போட்டுவிட்டு வாருங்கள். எடை 3 கிராம்தான் இருக்கும்; தொட்டால் அட்டை மாதிரி கெட்டியாக இருக்கும். மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் சுண்டெலி என்றால் அந்தச் சதுரம் போன இடமே தெரியாது. பல்லால் பிய்த்து, இழை இழையாகப் பிரித்து, ஒரு மூலையில் கிண்ணம் போலக் கூடு கட்டி, அதன் நடுவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். கூட்டின் சுவர் அதன் முதுகைவிட உயரமாக இருக்கும். உடம்பு சரியில்லாத சுண்டெலியின் கூண்டிலோ, வலியோடு இரவைக் கழித்த சுண்டெலியின் கூண்டிலோ, பஞ்சு போட்டது போட்டபடி கிடக்கும்.

இந்தக் கூட்டுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறையை ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராபர்ட் டீக்கன் 2006-இல் விளக்கி எழுதினார். பஞ்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அப்படியே கிடந்தால் 1. சுவர் எழுப்பிக் குழிவாகக் கட்டியிருந்தால் 5. ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், சுண்டெலியைத் தொடக்கூட வேண்டாம். விலங்கின் நலத்தை எப்படி அளப்பது என்று புதிதாக வரும் மாணவர்கள் கேட்டால் நான் முதலில் காட்டுவது இதைத்தான். பெரும்பாலோர் ஹார்மோன் பரிசோதனையில் இருந்துதான் தொடங்க நினைக்கிறார்கள். அது தப்பில்லை, ஆனால் அங்கே தொடங்கினால் சீக்கிரம் வழி தவறிவிடுவோம்.

எதற்காக அளக்க வேண்டும்? அந்த உயிருக்கு வலிக்கும், பயம் வரும். நம் தேவைக்காக அதைக் கூண்டில் வைத்திருக்கிறோம். அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பும் நம்முடையதுதான். இந்த ஒரு காரணமே போதும். இரண்டாவது காரணமும் உண்டு. பயந்துபோன விலங்கின் ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, நோய் எதிர்ப்புச் சக்தி, நினைவாற்றல் எல்லாமே மாறும். மருந்தின் விளைவைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பார்ப்பது பயத்தின் விளைவாக இருக்கும். 1959-இல் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் மூன்று கொள்கைகளை முன்வைத்தார்கள்: முடிந்த இடத்தில் விலங்குக்குப் பதில் வேறு வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் அதன் வேதனையைக் குறை. மூன்றாவதைச் செய்தோமா இல்லையா என்று சொல்ல, வேதனை குறைந்தது என்று காட்ட ஏதாவது ஒரு அளவு வேண்டுமே.

சரி, ஸ்ட்ரெஸ் என்றால் என்ன? இந்தச் சொல்லை உடலியலுக்குள் கொண்டுவந்து பரப்பியவர் ஹான்ஸ் செல்யே. மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் எலிகளை (சுண்டெலியைவிடப் பெரிய, வேறு இனம்) வைத்து வேலை செய்தவர். 1936-இல் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். குளிரில் வைத்தாலும் சரி, அறுவைக் காயம் ஏற்படுத்தினாலும் சரி, அளவுக்கு மீறி ஓட வைத்தாலும் சரி, நச்சு மருந்து கொடுத்தாலும் சரி, எலியின் உடம்பில் மூன்று மாற்றங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்றார். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி பெருத்துவிடுகிறது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் என்ற உறுப்பு சுருங்கிவிடுகிறது, இரைப்பையில் புண் வருகிறது. காரணம் எதுவானாலும் உடம்பு ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. அந்த எலிகள் பட்ட பாட்டை நினைத்தால் மனசு கனக்கிறது. ஆனாலும் இன்றைய அளவுகளில் பலவற்றுக்கு அடித்தளம் அங்கேதான் போடப்பட்டது.

இப்போது நமக்கு உள்விவரம் கொஞ்சம் தெரியும். ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி, அதற்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சேதி அனுப்பும். பிட்யூட்டரி அட்ரீனலைத் தட்டி எழுப்பும். அட்ரீனல் ஸ்டீராய்டு ஹார்மோனை ரத்தத்தில் விடும். மனிதர், குரங்கு, நாய் ஆகியவற்றில் அது முக்கியமாகக் கார்ட்டிசால். எலியிலும் சுண்டெலியிலும் கார்ட்டிகோஸ்டீரோன். மனித ரத்தத்துக்கான கார்ட்டிசால் பரிசோதனைக் கிட்டை வாங்கி எலி ரத்தத்தில் அளந்துவிட்டு, அளவு மிகக் குறைவாக வருகிறது, எங்கள் எலிகளுக்கு ஸ்ட்ரெஸே இல்லை என்று எழுதிவிட வாய்ப்பு உண்டு. தப்பான ஹார்மோனைத் தேடினால் அது எப்படிக் கிடைக்கும்?

சரியான ஹார்மோனையே தேடினாலும் சிக்கல் தீராது. சுண்டெலியைப் பிடித்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள்ளேயே அதன் ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டீரோன் ஏறத் தொடங்கும். பதினைந்து, முப்பது நிமிடத்தில் உச்சத்துக்குப் போய்விடும். ஆறு எலிகள் இருக்கும் கூண்டில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்து ரத்தம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் எலியின் அளவு அதன் இயல்பு நிலையைக் காட்டும். ஆறாவது எலி, கூண்டு திறந்து மூடிய ஐந்து தடவையும் பயந்திருக்கும்; அதன் அளவு உங்களால் வந்தது. முதல் எலி மருந்து கொடுக்காத குழுவிலும் கடைசி எலி மருந்து கொடுத்த குழுவிலும் இருந்துவிட்டால், மருந்து ஸ்ட்ரெஸை ஏற்றுகிறது என்ற ஒரு பொய்யான முடிவு கிடைக்கும். யாரும் ஏமாற்றவில்லை, ஆனால் முடிவு பொய். அதனால்தான் கூண்டைத் தொட்ட நிமிடத்தில் இருந்து கடிகாரம் வைத்து, மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும் என்பார்கள். எந்த எலியை எத்தனையாவதாக எடுத்தோம் என்பதையும் குறித்து வைக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். எலியும் சுண்டெலியும் இரவில் நடமாடுபவை. அவற்றின் கார்ட்டிகோஸ்டீரோன் காலையில் இறங்கியிருக்கும்; இருட்டத் தொடங்கும் நேரத்தில் தானாகவே உயரும். காலை ஒன்பது மணிக்கு ஒரு குழுவும் மாலை ஆறு மணிக்கு இன்னொரு குழுவும் என்று வேலையைப் பிரித்துக்கொண்டால், அளப்பது பொழுதைத்தான்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று இருக்கிறது. ஆரம்பநிலையில் இருப்பவர்கள் இதை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும் என்பேன். இந்த ஹார்மோன் துன்பத்தின் அடையாளம் இல்லை. உடம்பு விழித்துக்கொண்டதன் அடையாளம். ஆண் எலி பெண் எலியோடு சேரும்போதும் கார்ட்டிகோஸ்டீரோன் ஏறும். சக்கரத்தில் தானாக விரும்பி ஓடும்போதும் ஏறும். அது துன்பப்படுகிறது என்றா சொல்வோம்? மறுபக்கம், பல வாரம் தொடர்ந்து வாடிய விலங்கில் அளவு இயல்பாகவே இருக்கலாம், சில சமயம் குறைந்தும் இருக்கலாம். ஆகவே ஸ்ட்ரெஸ் வேறு, அவதி வேறு. உடம்பு சமாளித்து மீண்டுவிட்டால் அது ஸ்ட்ரெஸ். சமாளிக்க முடியாமல் தின்பதும் தூங்குவதும் கெட்டு, உடம்பைப் பேணுவதையும் விட்டுவிட்டால் அது அவதி. ரத்தத்தில் இருக்கும் ஒரு எண் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

தொடாமல் அளக்க ஒரு வழி புழுக்கை. ஹார்மோன் கல்லீரலில் சிதைந்து, அதன் எச்சங்கள் சாணத்தில் வெளியேறும். வியன்னாவில் ரூபர்ட் பால்மே என்பவரும் அவருடன் வேலை செய்தவர்களும் இந்த முறையைப் பல விலங்குகளுக்குச் செம்மைப்படுத்தினார்கள். காலையில் புழுக்கையைப் பொறுக்கி எடுத்தால் அது சில மணி நேரத்துக்கு முந்தைய கதையைச் சொல்லும். இப்போது நாம் கூண்டைத் திறந்ததால் வந்த பதற்றம் அதில் கலந்திருக்காது. ரத்தத்தைப் போல ஒரு நொடியைக் காட்டாமல், பல மணி நேரச் சராசரியைக் காட்டும் என்பது இன்னொரு வசதி. ஒரே கூண்டில் நாலு எலி இருந்தால் எது யாருடையது என்று தெரியாமல் போகும், அதுதான் குறை. அதற்காக எலியைத் தனியாகப் பிரித்து வைத்தால், கூட்டமாக வாழும் அந்த உயிருக்குத் தனிமையே ஒரு ஸ்ட்ரெஸ் ஆகிவிடும்.

அளக்கப் போகும் கைக்கு வருவோம். சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுதான் காலங்காலமாக எல்லா அனிமல் ஹவுஸிலும், அதாவது ஆய்வக விலங்குகளை வைத்து வளர்க்கும் கூடங்களிலும், வழக்கம். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் தூக்கினேன். 2010-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் ஒரு எளிய ஒப்பீடு செய்தார்கள். சில சுண்டெலிகளை வாலைப் பிடித்து, சிலவற்றை ஒரு குழாய்க்குள் நடக்கவிட்டு, சிலவற்றை இரண்டு உள்ளங்கைகளில் ஏந்தி எடுத்தார்கள். வாலைப் பிடித்துத் தூக்கியவை கையைக் கண்டாலே ஒதுங்கின, பதற்றத்தை அளக்கும் சோதனைகளிலும் அதிகப் பதற்றம் காட்டின. குழாயில் எடுத்தவை சில நாளிலேயே தானாகக் கையை நோக்கி வந்தன.

இதைப் படித்துவிட்டு நாங்களும் ஒரு ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயைக் கூண்டுக்குள்ளேயே போட்டு வைத்தோம். முதல் நாள் சுண்டெலி அதைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்தது. அடுத்த நாள் அதற்குள் படுத்திருந்தது. மூன்றாம் நாள் குழாயைச் சாய்த்துப் பிடித்ததும் உள்ளே நடந்து வந்தது. இரண்டு பக்கமும் லேசாகக் கையை வைத்துத் தூக்கினேன். மூத்திரம் போகவில்லை, கத்தவில்லை, மீசையை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்தது. வாலைப் பிடித்த காலமெல்லாம் தூக்கியதும் என் கையுறை நனைந்துவிடும். அது சுண்டெலியின் குணம் என்றே நினைத்திருந்தேன். அத்தனை வருஷமும் நான் அளந்த எத்தனை எண்களில் என் கை கலந்திருந்ததோ என்று அன்றைக்கு ரொம்ப நேரம் யோசித்தேன்.

கை மட்டும் இல்லை, வாசனையும்தான். 2014-இல் மெக்கில்லில் ஜெஃப்ரி மோகில் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஆண் ஆய்வாளர் அறையில் இருந்தாலே, அவர் போட்டிருந்த டி-ஷர்ட்டை வைத்தால்கூட, எலிகளும் சுண்டெலிகளும் ஸ்ட்ரெஸ் ஆகி வலியைக் குறைவாகக் காட்டின. பெண் ஆய்வாளர் இருந்தபோது அப்படி இல்லை. கூண்டு மாற்றுவதும் சாதாரண விஷயம் இல்லை. உடம்புக்குள் வைத்த சிறு டிரான்ஸ்மிட்டர் மூலம் இதயத் துடிப்பைத் தொலைவில் இருந்து பதிவு செய்து பார்த்தால், கூண்டு மாற்றிய பிறகு துடிப்பு ஏறி, இறங்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம் என்று தெரிகிறது. சுத்தம் செய்கிறோம் என்று நாம் நினைப்போம். அது தன் வாசனை அடையாளங்களையெல்லாம் இழந்து, புது இடத்தில் நிற்கும். பழைய கூட்டுப் பஞ்சைக் கொஞ்சம் எடுத்துப் புதுக் கூண்டில் போட்டால் அது எளிதில் பழகிக்கொள்ளும்.

வலியை அளக்க முகம் உதவும். இதே மோகில் குழு 2010-இல் சுண்டெலிக்கு முகச்சுளிப்பு அளவுகோல் ஒன்றை உருவாக்கியது. பார்க்க வேண்டியவை ஐந்து: கண் இடுங்குவது, மூக்கு மேடு தட்டுவது, கன்னம் உப்புவது, காது பின்னால் மடங்கிப் பிரிந்து நிற்பது, மீசை விறைப்பது. ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றால் 0, ஓரளவு என்றால் 1, தெளிவாகத் தெரிந்தால் 2. அடுத்த வருஷமே எலிக்கும் தனி அளவுகோல் வந்தது. எலிக்கு வலி வந்தால் மூக்கும் கன்னமும் உப்பாது, தட்டையாகும். அதனால் ஒன்றின் அளவுகோலை இன்னொன்றுக்குப் போடக்கூடாது. படம் எடுத்து, எந்தக் குழுவின் படம் என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும். தூங்கும் சுண்டெலிக்கும் கண் இடுங்கித்தான் இருக்கும். மயக்க மருந்து தெளிந்துகொண்டிருக்கும்போதும் மதிப்பெண் ஏறிக் காட்டலாம். அறுவைக்குப் பிந்தைய சில மணி நேர வலிக்கு இது அருமையாகப் பொருந்தும். நரம்பு அடிபட்டு மாதக்கணக்கில் நீடிக்கும் வலி முகத்தில் தெரியாமலே போகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுண்டெலி இரையாகிற உயிர். பருந்துக்கும் பூனைக்கும் முன்னால் நொண்டினால் செத்தது. ஆகவே யாராவது பார்க்கும்போது வலியை மறைத்துக்கொள்ளும். கூண்டைத் திறந்ததும் எட்டிப் பார்த்து, ‘நல்லாத்தான் இருக்கு’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போவது சரியான பழக்கம் இல்லை. சில நிமிடம் அசையாமல் நில்லுங்கள், இல்லையென்றால் கேமரா வையுங்கள்.

அது பேசுவதும் நமக்குக் கேட்காது. நம் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். எலி பயத்திலும் அவதியிலும் எழுப்பும் நீண்ட ஒலி 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். நம் செவிக்குச் சற்று மேலே. விளையாடும்போதும் நல்லது நடக்கப் போகிறது என்று எதிர்பார்க்கும்போதும் 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் குட்டிக் குட்டியாக ஒலிகள் வரும். யாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர் எலிகளுக்குக் கிச்சுகிச்சு மூட்டி இந்த ஒலிகளைப் பதிவு செய்தார். மூட்டியவரின் கையைத் தேடி எலிகள் திரும்ப வந்தன. வெளவால் ஒலியைப் பதிவு செய்யும் கருவி ஒன்று இருந்தால், அமைதியாகத் தெரியும் அறையில் எவ்வளவு பேச்சு நடக்கிறது என்று புரியும்.

எலியின் கண்ணோரத்தில் சிவப்பாக ஏதாவது படிந்திருப்பதைப் பார்த்தால் புதியவர்கள் ரத்தம் என்று பதறுவார்கள். நானும் முதல்முறை பதறினேன். அது ரத்தம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஹார்டேரியன் சுரப்பி விடும் போர்ஃபிரின் என்ற நிறமி. நலமாக இருக்கும் எலி முகத்தைக் கழுவித் துடைத்துக்கொள்ளும். நோயோ ஸ்ட்ரெஸோ வந்தால் சுரப்பு அதிகமாகும். தன்னைச் சுத்தம் செய்துகொள்வதையும் எலி விட்டுவிடும். அப்போது கண்ணையும் மூக்கையும் சுற்றிச் சிவப்பு நிற்கும். எதனால் என்று இது சொல்லாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று கட்டாயம் சொல்லும்.

எல்லாவற்றிலும் பழையதும் நம்பகமானதும் தராசுதான். விலங்கு அவதிப்பட்டால் முதலில் தீனி குறையும், எடை இறங்கும். பல இடங்களில் ஆரம்ப எடையில் 20 சதவீதம் குறைந்தால் அந்த விலங்கைச் சோதனையில் இருந்து எடுத்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். ‘முன்கூட்டியே’ என்பதுதான் இதில் உயிர். நடுவில் முடிவெடுத்தால், இன்னும் ஒரு நாள் பார்ப்போம், இன்னும் ஒரு தரவுப் புள்ளி கிடைக்கட்டும் என்றுதான் மனசு சொல்லும். 1985-இல் டேவிட் மார்ட்டனும் கிரிஃபித்ஸும் எடை, தோற்றம், நடத்தை, துடிப்பும் மூச்சும் போன்றவற்றுக்குத் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று நாம் நிரப்பும் கண்காணிப்புத் தாள்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்தான். இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் 1998-இன் விதிகளும் இதற்கு அடிப்படை. விலங்கு ஆய்வு செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்க வேண்டும். அதற்கு ‘ஃபார்ம் பி’ என்ற ஆய்வு அனுமதி விண்ணப்பத்தை நிரப்பும்போது, எப்போது நிறுத்துவீர்கள் என்பதற்கு ‘தேவைப்படும்போது’ என்று எழுதாமல் எண்ணோடு எழுதுங்கள்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் கெட்டது இருக்கிறதா என்று பார்ப்பது. நலம் என்பது அதோடு முடியாது. ஆய்வகங்களில் பொதுவாக 20 முதல் 24 டிகிரி வரை வெப்பம் வைப்பார்கள். அது நமக்கு வசதி. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளக் கூடுதல் சக்தி செலவிடாமல் இருக்கச் சுண்டெலிக்கு ஏறக்குறைய 30 டிகிரி தேவை. கூடு கட்டப் பொருள் இல்லாத கூண்டில் அது நாளெல்லாம் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். வலி இல்லை, நோய் இல்லை, எடையும் சரி. ஆனாலும் நலம் என்று சொல்ல முடியுமா? தொடக்கத்தில் சொன்ன பஞ்சு அளவுகோலாகவும் இருக்கிறது, போர்வையாகவும் இருக்கிறது.

மனநிலையைக் கேட்கவும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். எளியது சர்க்கரைத் தண்ணீர். ஒரு புட்டியில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் லேசாக இனிப்புக் கலந்த தண்ணீர். நல்ல நிலையில் இருக்கும் எலி இனிப்பை நாடும். நாள்பட்ட ஸ்ட்ரெஸில் இருப்பது பெரிதாக ஆர்வம் காட்டாது. புட்டிகளின் இடத்தை மாற்றி மாற்றி வைக்க வேண்டும், ஏனென்றால் சில எலிகள் பழகிய பக்கமே போகும். எனக்கு மிகவும் பிடித்தது 2004-இல் பிரிஸ்டலின் ஹார்டிங், பால், மெண்டல் செய்தது. ஒரு ஒலி கேட்டால் நெம்புகோலை அழுத்து, தீனி வரும்; வேறு ஒலி கேட்டால் அழுத்தாதே, அழுத்தினால் எரிச்சலூட்டும் இரைச்சல் வரும் என்று எலிகளுக்குப் பழக்கினார்கள். அப்புறம் இரண்டுக்கும் நடுவான ஒலிகளைக் கொடுத்தார்கள். என்ன நடக்கும் என்று சொல்ல முடியாத, அடிக்கடி மாறும் சூழலில் வைக்கப்பட்ட எலிகள் தீனி ஒலிக்கு நெருக்கமான ஒலிக்கும் தயங்கின, தாமதமாக அழுத்தின. நல்லது வரும் என்ற நம்பிக்கை குறைந்திருந்தது. மனம் நொந்திருக்கும் மனிதரிடம் நாம் காண்பதும் இதேதான்.

சரி, நாளைக்கு முதல்முறையாக ஒரு அனிமல் ஹவுஸுக்குள் போகிறீர்கள், எங்கே தொடங்குவது? எந்த அளவையும் தனியாக நம்பாதீர்கள். எடை, கூடு, முகம் மூன்றையும் தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் பார்க்கட்டும். சோதனை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பார்க்கத் தொடங்குங்கள். அந்தச் சுண்டெலியின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று தெரியாமல் அசாதாரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஹார்மோன் அளக்கத்தான் வேண்டும் என்றால் புழுக்கையில் அளக்க முடியுமா என்று பாருங்கள். தினமும் தீனி வைத்துக் கூண்டு கழுவும் பராமரிப்பாளரிடம் பேசுங்கள். அவரிடம் எந்தக் கருவியும் இருக்காது. ஆனால் மூன்றாவது தட்டில் வலது ஓரக் கூண்டில் இருப்பது நேற்றில் இருந்து சரியாகத் தின்னவில்லை என்று உங்களுக்கு ஒரு நாள் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். அதைக் குறிப்பேட்டில் அவர் பெயரோடு, நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.